கருவி கழுவும் தொட்டிக்கு ஒரு தேர்வு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்திருந்த நெசவாளர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சையைக் காலை எட்டு மணிக்குக் குறித்திருந்தோம். முந்தைய இரவு முதல் அவர் உணவருந்தவில்லை. பதினொன்றரை மணிக்குத்தான் அவரை அரங்கினுள் அழைத்துச் செல்ல முடிந்தது. "கத்தரி கழுவுற தொட்டிக்காகவா எங்க அப்பாவை இவ்வளவு நேரம் பட்டினி போட்டீங்க?" என்று அவருடைய மகள் கேட்டார். நியாயமான கேள்வி. நின்றபடியே நாங்கள் சொன்ன விடை அவருக்கும் போதவில்லை, எங்களுக்கும் நிறைவளிக்கவில்லை. எனவே அதனை இங்கே விரிவாகத் தருகிறோம்.

அன்று காலை கருவிப் பொதியைப் பிரித்த செவிலியர், இரத்தக்குழாயைப் பற்றும் இடுக்கி ஒன்றின் மூட்டுவாயில் பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டைக் கண்டார். உலர்ந்த இரத்தம். அக்கருவி முந்தைய மாலையே கழுவப்பட்டு, ஆட்டோகிளேவில் நீராவியால் நுண்ணுயிர் நீக்கமும் செய்யப்பட்டிருந்தது. ஆயினும் அழுக்கு மூடியிருக்கும் இடத்தில் நீராவி உலோகத்தைத் தொடுவதில்லை. அழுக்கினுள் இருக்கும் கிருமிக்கு அந்த அழுக்கே கவசமாகிவிடுகிறது. கழுவப்படாத கருவியைக் கிருமியற்றதாக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது.

இதனை மிகையான அச்சம் என்று எண்ண வேண்டா. 2022, 2023ஆம் ஆண்டுகளில் நம் மாநிலத்தின் வாணியம்பாடியில், பல் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் நோய் பரவி எட்டுப் பேர் உயிரிழந்தனர். கிருமி நீக்கம் செய்யாத ஒரு கருவியால் உப்புநீர்ப் புட்டியைத் திறந்ததே நோய் பரவிய வழியாக இருக்கலாம் என்று 2025இல் வெளியான ஆய்வு சுட்டியது.

இனித் தொட்டிக்கு வருவோம். மூட்டும் பல்லும் பள்ளமும் உள்ள கருவிகளின் உள்ளிடுக்குகளைத் தூரிகை எட்டாது. அவற்றுக்காகவே மீயொலித் தொட்டி. அதன் அடித்தகட்டின் கீழே ஒட்டப்பட்டுள்ள அதிர்வூட்டிகள் நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிர்ந்து நீரை இழுத்தும் அழுத்தியும் விடுகின்றன. இழுக்கும் கணத்தில் நீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் தோன்றுகின்றன. அழுத்தும் கணத்தில் நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் எழும் நுண்ணிய அதிர்ச்சியே அழுக்கைப் பெயர்க்கிறது. கப்பல்களின் சுழல்விசிறிகளை அரித்துக் குழியாக்குவதும் இதே குமிழ்தான். அந்த அரிப்பின் காரணத்தை ஆராய்ந்தே, குமிழ் நொறுங்கும்போது எழும் அழுத்தத்தை 1917இல் ரேலி பிரபு கணக்கிட்டார். (கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் மீயொலிதானே என்று சிலர் கலங்கக்கூடும். அது நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும், மிகக் குறைந்த ஆற்றலுடைய ஒலி. அதனைக் கொண்டு கருவி கழுவ முடியாது, கலக்கம் வேண்டா.)

நாங்கள் ஏமாந்தது இங்கேதான். தொட்டி இரைந்தது, நீர் நடுங்கியது, ஆகவே கருவிகள் தூய்மையாகின்றன என்று கொண்டோம். உண்மையில், தொட்டியின் எல்லா இடத்திலும் குமிழ்கள் ஒரே அளவில் தோன்றுவதில்லை. அடியிலிருந்து மேலே செல்லும் ஒலி நீர்ப்பரப்பில் மோதித் திரும்பி, எதிரே வரும் ஒலியோடு கலக்கிறது. அதனால் வலுவான அடுக்கும் வலுவற்ற அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். எனவே வலுவான அடுக்குகள் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் வரும். இடைப்பட்ட அடுக்கில் அசையாது கிடக்கும் இடுக்கிக்கு அந்தத் தொட்டி வெறும் வெந்நீர்தான். நல்ல தொட்டிகளில் அதிர்வெண்ணைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் இந்த அடுக்குகளை இடம் மாற்றுவர்.

எங்கள் தொட்டி அண்மையில் வாங்கிய பெரிய தொட்டி. விலையையும் கொள்ளளவையும் பார்த்தோமே தவிர, அதிர்வூட்டிகள் எங்கெங்கே பொருத்தப்பட்டுள்ளன என்று கேட்கவில்லை. அவை அடித்தகட்டின் நடுப்பகுதியில் மட்டுமே இருந்தன. பற்றாக்குறைக்கு, அடித்தகடு கீறிவிடக்கூடாதென்று அங்கே ஒரு சிலிக்கோன் விரிப்பை இட்டு, அதன்மேல் கூடையை வைத்திருந்தோம். நல்லெண்ணத்தில் செய்த பிழை. ஒலியை உறிஞ்சிக்கொள்வதில் சிலிக்கோனுக்கு நிகர் குறைவு. கூடை அடியைத் தொடாமல், தொட்டியின் விளிம்பிலிருந்து தொங்க வேண்டும். தொட்டால் அதிர்வும் குன்றும், அடித்தகடும் தேயும். கூடை அகன்ற கண்ணுடைய எஃகுக் கம்பியால் ஆனதாக இருத்தல் நலம். நெருக்கமான வலையும் பிளாஸ்டிக் தட்டும் ஒலியை வழிமறிக்கும். நெருக்கி அடுக்கிய கருவிகளும் அவ்வாறே: கீழுள்ளது மேலுள்ளதன் நிழலில் விழாமல், மேலுள்ளதே கீழுள்ளதன் நிழலில் விழுகிறது, ஏனெனில் ஒலி கீழிருந்து வருகிறது.

அன்று நாங்கள் செய்த சோதனை மிக எளிது. சமையலறையில் உணவு பொதியும் மெல்லிய அலுமினியத் தாளை நீரில் செங்குத்தாகப் பிடித்து, தொட்டியை ஒரு நிமிடம் இயக்கினோம். குமிழ்கள் வலுவாக நொறுங்கும் இடத்தில் தாள் துளைபடும். நடுவில் பிடித்த தாள் சல்லடையாயிற்று. மூலையில் பிடித்த தாள் கடையில் வாங்கியபடியே வெளிவந்தது. அதன்பின் முந்தைய நாள் அந்தத் தொட்டியில் கழுவிய பொதிகள் அனைத்தையும் திரும்பப் பெற்று, கருவிகளை ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்து, உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, மீண்டும் ஆட்டோகிளேவில் இட்டோம். அந்த மூன்றரை மணி நேரத்தின் கணக்கு இதுதான்.

நீரும் தொட்டியின் ஓர் உறுப்பே. புதிதாக ஊற்றிய நீரில் கரைந்துள்ள காற்று குமிழ்களின் நொறுங்கலை மென்மையாக்கிவிடும். எனவே கருவியை இடுமுன் சில நிமிடங்கள் வெறுமனே இயக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சூடு மிகுந்தால் இரத்தத்தின் புரதம் முட்டை வெந்தாற்போல் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நாங்கள் 45 பாகையைத் தாண்டவிடுவதில்லை. நீர்மட்டம் தொட்டியில் குறித்த கோட்டில் நிற்க வேண்டும். இயங்கும்போது மூடி மூடியிருக்க வேண்டும். அழுக்குத் திவலைகள் காற்றில் பறப்பதை அது தடுக்கிறது.

விரிப்பை எடுத்துவிட்டோம். தொங்கும் கூடை வந்துவிட்டது. அடி முழுவதும் அதிர்வூட்டிகள் உள்ள வேறு தொட்டிக்குச் சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை இப்போதைய தொட்டியின் நடுப்பகுதியில் மட்டும் சிறு சிறு தொகுதிகளாகக் கழுவுகிறோம். இதனால் சில நாள்களில் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை குறையும், காத்திருப்பு நீளும். தாமதம் தெரிந்தவுடன் குடும்பத்தாரிடம் காரணத்தைச் சொல்லவும், எவ்வளவு நேரம் வரை நீர் அருந்தலாம் என்பதை மயக்க மருத்துவரிடம் கேட்டு நோயாளிக்குத் தெரிவிக்கவும் ஒரு செவிலியரை அமர்த்தியுள்ளோம். அன்று அதனைச் செய்யத் தவறியதற்கு அந்த மகளிடம் வருத்தம் தெரிவித்தோம்.

அவருடைய தந்தை நலமுடன் வீடு திரும்பி, தையல் பிரிக்க வந்து சென்றார். வாரந்தோறும் திங்கட்கிழமை சோதிக்கும் அலுமினியத் தாளைத் தேதியிட்டு அறுவை அரங்கின் வெளிச்சுவரில் ஒட்டுகிறோம். காத்திருக்கும்போது அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எவர் விரும்பினாலும் கேட்கலாம்.