பற்றவைப்புத் தொழிலும் நம் ஊர் இளைஞரும்

கலப்பைக் கொழு தேய்ந்தால் கொல்லன் உலைக்களத்தை நாடிய காலம் பெரிதும் மாறிவிட்டது. இன்று டிராக்டர் கலப்பையின் கொழு முறிந்தாலும், டிரெயிலரின் அடித்தகடு விரிந்தாலும், சாலையோரத்து வெல்டிங் பட்டறைக்கே செல்கிறோம். அங்கே ஒத்தாசைக்கு நிற்கும் பையன் சில ஆண்டுகளில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யக் கற்றுக்கொள்கிறான். பெரும்பாலும் அத்துடன் நின்றும் விடுகிறான். அதற்கு மேலும் படிகள் உண்டென்று அவனுக்குச் சொல்வார் இல்லை.

கிடையாகக் கிடக்கும் தகடுகளை ஒட்டுவது எளிது. நிமிர்ந்து நிற்கும் தகடு அதனினும் கடினம். தலைக்கு மேலுள்ள தகட்டில், உருகிய இரும்பு கீழே வழியாமல் ஒட்டுவது இன்னும் கடினம். இவற்றுக்கெல்லாம் மேலானது, 45 பாகை சாய்வில் அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்தல். இதனைத் தொழிற்சாலையார் ‘சிக்ஸ் ஜி’ சோதனை என்பர். பெரிய வேலைகளுக்கு ஆளெடுப்போர் சான்றிதழைப் பார்ப்பதோடு அமைவதில்லை. துண்டுக் குழாயொன்றை ஒட்டச் சொல்லி, அதனை எக்ஸ்ரே எடுத்தோ, அறுத்து வளைத்தோ பார்க்கின்றனர். உள்ளே கசடு தங்கியிருந்தால் அப்பொழுது வெளிப்பட்டுவிடும். மேற்பூச்சு மினுங்குவதால் பயனில்லை.

கொதிகலன் வேலைக்கு, 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளின்படி தனித் தேர்வில் தேறியிருத்தல் வேண்டும். திருச்சிராப்பள்ளியை அடுத்த கொதிகலன் தொழிற்சாலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது; அதனைச் சார்ந்து பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975-இல் ஏற்பட்டது. அவ்வட்டாரத்தில் பல பட்டறைகள் இத்தொழிலை நம்பியே எழுந்தவை.

எட்டாம் வகுப்புத் தேறியவர், ஆணாயினும் பெண்ணாயினும், அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு வெல்டர் பிரிவில் சேரலாம். பின்னர் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பழகலாம். படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார் யார் என்பது பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தெரியும். சேர்க்கை அறிவிப்பு வரும்போது அவ்வீடுகளுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும்.

இனி, வெளிநாட்டு வேலை. நிலத்தை அடகு வைக்கும் பேச்சு இங்கேதான் எழுகிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவரே ஆளெடுக்கலாம். அவர் தொழிலாளியிடம் பெறத்தக்க கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவரையும், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரையும் வாசலோடு திருப்பியனுப்புக. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். இதனை வீண் தொல்லை என்போர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை; சம்பளமும் தங்குமிடமும் எழுத்தில் உள்ளனவா என்று அரசாங்கம் பார்க்கும் இடம் அதுவே. ஒப்பந்தத்தின் நகலொன்று வீட்டில் தங்க வேண்டும். அது எந்தப் பெட்டியில் உள்ளது என்பதைத் தாயோ மனைவியோ அறிந்திருத்தல் நலம்.