ஜேசிபி இடித்த காருக்கு யார் பைசா தருவது?

பாதாளச் சாக்கடைக்காக நாகர்கோவில் தெருக்களைத் தோண்டிய காலத்திலும், வில்லுக்குறிப் பக்கம் நான்குவழிச் சாலைக்கு மண் அடித்த காலத்திலும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் விழுந்த மரங்களை அகற்றிய நாட்களிலும் ஜேசிபி, டிப்பர், ரோடு ரோலர் ஆகியவை நம் வாசலுக்கே வந்து நின்றன. வேலை முடிந்து பின்னால் எடுக்கும்போது ஓரமாக நிறுத்தியிருந்த காரின் பம்பரையோ கதவையோ ஒரு இடி இடித்துவிட்டால் என்ன செய்வது? வழிகள் நான்கு. எது உங்களுக்குச் சரி என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கும்: சேதம் எவ்வளவு, இயந்திரம் யாருடையது, இடித்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது.

எந்த வழிக்கும் முதல் வேலை

காரை நகர்த்தும் முன் படம் எடுங்கள். இயந்திரத்தின் பதிவெண், அது நிற்கும் இடம், வேலையின் பெயர்ப்பலகை, ஓட்டுநர் எல்லாம் படத்தில் வர வேண்டும். பதிவெண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எப்.ஐ.ஆர் போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர் ரசீதையாவது வாங்குங்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். தகவல் சொன்னதாலேயே கிளெய்ம் எடுத்ததாக ஆகிவிடாது.

வழி 1: ஒப்பந்ததாரரோடு பேசித் தீர்ப்பது

"கேஸ் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி, நானே செரியாக்கித் தாறேன்" என்பார். சிறு சேதத்துக்கு இதுவே நல்ல வழி. ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயிண்டிங் இரண்டுக்கும் சேர்த்து எஸ்டிமேட் வாங்கி, தொகையும் தேதியும் குறித்து அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணம் கைக்கு வரும் வரை "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வாய்வார்த்தையை நம்பிக் காத்திருந்தால் மற்ற வழிகளின் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

வழி 2: உங்கள் சொந்தக் காப்பீடு

முழுக் காப்பீடு இருந்தால்தான் இந்த வழி. விரைவானது, ஆனால் இலவசம் அல்ல. தவறு ஜேசிபிக்காரருடையது என்றாலும் உங்கள் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஒரு உதாரணக் கணக்கு: தள்ளுபடி இல்லாத சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.10,000 என்று வைப்போம். 50 சதவீதப் போனஸ் உள்ளவர் ரூ.5,000 கட்டுகிறார். கிளெய்ம் எடுத்தபின் போனஸ் 0, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக ரூ.12,500 கட்டியிருப்பார். இதோடு நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1500 சிசி வரையான காருக்கு ரூ.1,000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்ப்பு இல்லையென்றால் பிளாஸ்டிக் பம்பரின் விலையில் பாதி உங்கள் தலையில். ஆகவே பத்தாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு இந்தப் பக்கம் போவது நஷ்டம். அறுபதாயிரம் என்றால் லாபம். போனஸ் பாதுகாப்புச் சேர்ப்பு எடுத்திருந்தால் கணக்கு மாறும்.

கனடாவின் ஒன்டாரியோவில் பனி தள்ளும் வண்டி இடித்தால், தவறு இல்லாத காரின் சேதத்தை அந்தக் கார்க்காரரின் சொந்தக் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிடும், பிரீமியமும் அதற்காக ஏறாது. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லாததால்தான் மூன்றாவது வழியை யோசிக்க வேண்டியிருக்கிறது.

வழி 3: விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்

உயிருக்கும் காயத்துக்கும் மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டப்படி சொத்துச் சேதத்துக்கும் இங்கே மனுச் செய்யலாம். ரோடு ரோலரும் மண் தோண்டும் இயந்திரமும் மோட்டார் வாகனங்களே என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிராளியின் காப்பீடு பொதுவாக ரூ.7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் சொத்துச் சேதத்தைத் தாங்கும். பிரீமியத்தைக் குறைக்க அதை ரூ.6,000 என்று அவர் சுருக்கியிருந்தால் மிச்சம் அவர் பொறுப்பு.

இடித்த நேரத்தில் இயந்திரம் சாலையில் ஓடியதா, நின்று தோண்டியதா என்பது முக்கியம். வாளி சுழன்று அடித்திருந்தால் "அது கருவியாக வேலை செய்தபோது நடந்தது" என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும். அப்போதும் உரிமையாளர் தப்ப முடியாது. அதனால் இருவரையும் மனுவில் சேருங்கள்.

பாறசாலையில் கேரளப் பதிவு வண்டி இடித்தாலும் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் கெடு ஆறு மாதம். நேரம் பிடிக்கும் வழிதான், என்றாலும் ஆண்டுக்கு நான்கு முறை கூடும் தேசிய மக்கள் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சேதத்துக்கு இரு இடத்தில் பணம் வாங்க முடியாது. வழி 2-ல் கிடைக்காமல்போன மீதியை மட்டுமே இங்கே கேட்கலாம்.

வழி 4: அரசின் மீது கோரிக்கை

இயந்திரம் அரசுத் துறையின் சொந்த வண்டி என்றால் அதற்குக் காப்பீடு கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். அப்போது தீர்ப்பாயத்தில் துறையையே எதிர்மனுதாரர் ஆக்க வேண்டும். கலெக்டரின் ஜீப் மோதிய வழக்கில் ராஜஸ்தான் அரசே பொறுப்பு என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெரும்பாலும் மாநகராட்சி வேலைக்கு வருவது வாடகை இயந்திரம்தான், ஆகவே ஆர்.சி. யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்.

தடுப்பு வைக்காத குழியில் கார் இறங்கியது என்றால் கதை வேறு. அங்கே இடித்த வண்டி இல்லை, எனவே தீர்ப்பாயமும் இல்லை. உரிமையியல் நீதிமன்றம்தான், அரசுத் துறை மீது என்றால் வழக்குக்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்தச் சேதத்துக்குச் சொந்தக் காப்பீடே சுலபம்.

எதைத் தேர்வது?

போனஸ் இழப்பைவிடச் சேதம் குறைவா? வழி 1. கூடுதலா, முழுக் காப்பீடும் இருக்கிறதா? வழி 2. மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா, அல்லது ஒப்பந்ததாரர் கை விரித்துவிட்டாரா? வழி 3. உங்கள் நிறுவனமே கிளெய்மைக் காரணமின்றி வெட்டினால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒப்பந்ததாரருக்கு ஒரு மாதத்துக்கு மேல் தவணை கொடுக்காதீர்கள். அந்தத் தேதி தாண்டினால் எஸ்டிமேட்டையும் சி.எஸ்.ஆர் ரசீதையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்புங்கள். மனுவுக்கு இன்னும் ஐந்து மாதம் கையில் இருக்கும்.