கறுப்புப் புத்தகமும் கைப்பேசியும்



ஆசிரியை வகுப்பை விட்டுச் சற்று வெளியே சென்றதும், வகுப்புத் தலைவி கரும்பலகையின் மூலையில் "பேசியோர்" என்று எழுதிக் கோடு போடுவதை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் கரும்பலகையின் வேலையை இன்று கைப்பேசிச் செயலிகள் செய்யத் தொடங்கிவிட்டன. அவற்றால் நன்னடத்தை வளருமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நடத்தையைக் குறித்து வைப்பது புதிய வழக்கம் அன்று. 1789-ஆம் ஆண்டு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கச் செய்தார். தவறுகள் ஒரு "கறுப்புப் புத்தகத்தில்" பதிவாயின. வாரந்தோறும் அதைத் திறந்து விசாரித்தபோது, தீர்ப்புக் கூறியவர்கள் உடன் பயின்ற மாணவர்களே! 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக இது "மதராஸ் முறை" என்று புகழ் பெற்றது. இலண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் நன்னடத்தைக்குச் சீட்டும் பரிசும் வழங்கினார். ஆனால் தவறு செய்தவரைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனையும் அவரிடம் இருந்தது.

2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய "கிளாஸ்டோஜோ" என்ற செயலி இவற்றின் புதிய வடிவம் எனலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வேடிக்கையான பொம்மை உருவம் உண்டு. பிறருக்கு உதவினால், உழைத்துப் படித்தால் ஆசிரியர் ஒரு புள்ளி தருவார். தவறினால் குறைக்கவும் செய்யலாம். பெற்றோர் வீட்டிலிருந்தே அதைப் பார்க்கலாம். பாராட்டு உடனுக்குடன் கிடைப்பது இதன் சிறப்பாகும்.

எனினும் எச்சரிக்கையும் தேவை. 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர் முதலிய மூன்று அறிஞர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தனர். பரிசு தருவதாக முன்பே சொல்லி வரையச் செய்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவது குறைந்தது. பரிசுக்காகச் செய்யும் செயலில் மகிழ்ச்சி குறையக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது.

எங்கள் அனுபவமும் ஒன்று உண்டு. ஒரு பருவத்தில் நாங்கள் கணினியில் நன்னடத்தை அட்டவணை தயாரித்து, வகுப்புத் திரையில் அனைவரும் காணக் காட்டினோம். ஒரு தோழியின் பெயருக்கு நேரே "தாமதம்" என்ற குறி பதினொன்று விழுந்தது. நாங்கள் சிரித்தோம். மறுநாள் முதல் அவள் வரவில்லை. வீடு தேடிச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. விடியுமுன் தாயுடன் மல்லிகைப் பூப் பறித்து, சங்கரன்கோவில் பூச்சந்தையில் கொடுத்துவிட்டு, அவள் பள்ளிக்கு ஓடி வருவாளாம். "இனி நான் பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று அழுதிருக்கிறாள். எங்கள் அட்டவணையில் தாமதத்துக்குக் கட்டம் இருந்தது. காரணத்துக்குக் கட்டம் இல்லை.

நாங்கள் வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியையின் அறிவுரைப்படி பெயர்களைத் திரையிலிருந்து நீக்கினோம். அவரவர் கணக்கை அவரவர் மட்டும் பார்க்கலாம். திரையில் வகுப்பின் மொத்தப் புள்ளி மட்டுமே தெரியும். "காரணம்" என்ற கட்டமும் சேர்ந்தது. தோழி திரும்பி வந்தாள். அவள் தவறவிடும் முதல் பாடத்தை நாங்கள் முறை வைத்து எழுதிக் கொடுக்கிறோம்.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. நம்மைப் பற்றிய குறிப்பு விளையாட்டுப் பொருள் அன்று என்பதை அது உணர்த்துகிறது.

தோழியரே! கருவி எண்ணிச் சொல்லும்; ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் நாமே. குறி போடுமுன் காரணம் கேட்போம். குறை கண்டால் கை கொடுப்போம்!