ஓர்மை திரும்பிய மாலை

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நான் எம்.பி.பி.எஸ். படித்த நாட்களில், விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்தால் ‘அடுத்து என்ன பி.ஜி.?’ என்பதுதான் பேச்சு. ரேடியாலஜி, டெர்மட்டாலஜி என்று ஆளுக்கொன்று சொல்வோம். நியூரோ சர்ஜரி என்றால் மட்டும் அறையே அமைதியாகிவிடும். தலையைத் திறந்தால் பிழைப்பது அபூர்வம், படித்து முடியவே பாதி ஆயுசு போய்விடும், பெண்களுக்குச் சரிப்படாது. இப்படித்தான் கேள்விப்பட்டிருந்தோம். வீட்டில் அத்தையும், “ஏ பிள்ளே, முடி நரைச்ச பெறவா கல்யாணம் முடிப்ப?” என்றார். ஒரு ஆபரேஷனைக்கூடப் பார்க்காமல் நானும் எல்லாவற்றையும் நம்பினேன்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டாவைக் கொண்டுவந்தார்கள். “பத்து நாளா பேச்சு கொழறிச்சு டாக்டரே. இன்னைக்குக் காலையில இருந்து ஓர்மையே இல்ல” என்று அழுதார் மகள். ஒரு மாதத்துக்கு முன் தோப்பில் சறுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டிருக்கிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதன் மேலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்பதால், சிறிய அடிக்கும் கிழிந்து வாரக்கணக்கில் ரத்தம் கசியும். ஸ்கேனில் அது பிறைபோல் தேங்கி, மூளையை அழுத்திக்கொண்டிருந்தது.

மண்டையோட்டில் எங்கள் நியூரோ சர்ஜன் சார் இரண்டு சிறு துளைகள் போட்டார். மூளையின் உறையைக் கீறியதும் என்ஜின் ஆயில் போலக் கறுத்த திரவம் வழிந்தது. தெளியும்வரை சலைன் விட்டுக் கழுவினார். அழுந்திக் கிடந்த மூளை மெல்லத் துடிப்பதை நான் பார்த்தேன். அன்று மாலை பாட்டா கண்விழித்து, “சாப்பிட்டியா மக்ளே?” என்று மகளைக் கேட்டார். நான் எந்தத் துறைக்குப் போவது என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்தது.

இன்று இதே துறையில் இருக்கும் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்.

காலத்தைப் பற்றிய பயம் உண்மையானது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். பொது அறுவை மூன்று, எம்.சி.எச். மூன்று. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காலம் தனி. இந்தக் கணக்கை வீட்டாரோடு உட்கார்ந்து, பணத்தையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

சாவும் உண்மைதான். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் விழுந்த பையனின் அம்மாவிடம், இனி முடியாது என்று சொல்ல வேண்டிய நாள் வரும். பெரிய டாக்டர் அதை எப்படிச் சொல்கிறார், எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்று கவனியுங்கள். கத்தி பிடிப்பதைப் போல அதையும் பழக வேண்டும்.

பெண்களுக்கு ஆகாது என்பது பொய். சென்னையில் டாக்டர் டி.எஸ். கனகா 1968-லேயே நியூரோ சர்ஜரியில் பட்டம் பெற்றுவிட்டார். ஆசியாவிலேயே இத்துறைக்கு வந்த முதல் பெண்களில் ஒருவர் அவர்.

இந்தத் துறை நம் நாட்டில் வேரூன்றியதே தெற்கில்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்று விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவுக்கு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. ஆனால் தலைக்குள் ரத்தம் கட்டியவருக்குப் பணத்தோடு, பக்கத்திலேயே ஆபரேஷன் செய்யும் ஒரு கையும் வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை போகும் நேரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஹவுஸ் சர்ஜன்ஷிப்பில் ஒரு வாரம் கேட்டு வாங்கி நியூரோ வார்டில் நில்லுங்கள். ஓர்மையை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலைப் படுக்கையருகே நின்று தினமும் போட்டுப் பழகுங்கள். நேற்று 8-இல் இருந்தவர் இன்று 11-க்கு ஏறியதைக் கண்டு உங்களுக்குச் சந்தோஷம் வந்தால், இந்தத் துறை உங்களுக்கானது. வரவில்லையென்றால் வேறு துறைக்குப் போங்கள், அதில் குறையொன்றும் இல்லை. அடுத்தவர் சொன்ன பயத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.