அதிர்வெண்ணைக் கட்டிய கல்

கேள்வி: வானொலி நிலையங்கள் தத்தமக்கு உரிய அதிர்வெண்ணிலிருந்து பிசகாமல் ஒலிபரப்புவது எப்போது, எதனால் சாத்தியமாயிற்று?

பதில்: வானொலி பிறந்தபோது அதற்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. தீப்பொறியால் அலையை எழுப்பிய தொடக்ககாலக் கருவிகளில் ஒவ்வொரு பொறியும் எழுந்த வேகத்திலேயே தேய்ந்து அடங்கும் ஓர் அலைத்தொடரை உண்டாக்கியதால், அதன் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணில், அதாவது வினாடிக்கு இத்தனை அதிர்வுகள் என்ற ஒரே எண்ணில், நிற்காமல் அக்கம்பக்கமெல்லாம் பரவியது. அருகருகே இரு கப்பல்கள் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் ஒன்றை மற்றொன்று குலைத்தது. 1912, 1913 ஆண்டுகளில் அமெரிக்காவில் எட்வின் ஆம்ஸ்ட்ராங்கும் ஜெர்மனியில் அலெக்சாண்டர் மைஸ்னரும் வெற்றிடக் குழாயின் வெளியீட்டில் ஒரு பங்கை அதன் உள்ளீட்டுக்கே திருப்பி, ஊஞ்சலை உரிய கணத்தில் உந்திக்கொண்டே இருப்பதுபோல, தேயாத தொடரலையைப் பெற்றனர். அலையியற்றி எனப்படும் இந்தச் சுற்றில் அதிர்வெண்ணை முடிவு செய்தவை ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும்தான். வெயில் ஏறினாலும், குழாய் சூடானாலும், காற்றில் ஏரியல் கம்பி ஆடினாலும் அவற்றின் மதிப்பு மாறி, அதிர்வெண்ணும் நகர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு முடிவு கட்டியது ஒரு கல். பாரிஸில் 1880-ஆம் ஆண்டு ஜாக் கியூரி, பியர் கியூரி ஆகிய சகோதரர்கள், குவார்ட்ஸ் முதலான சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அப்படிகங்களுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை உருத்திரிய வேண்டும் என்று மறு ஆண்டிலேயே காப்ரியேல் லிப்மன் கணித்துச் சொல்ல, கியூரி சகோதரர்கள் அதையும் சோதனையில் மெய்ப்பித்தனர். அழுத்தமின் விளைவு எனப்படும் இந்தப் பண்பு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஆய்வுக்கூட வியப்பாகவே இருந்தது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய பால் லாஞ்செவின் அதைப் பயன்படுத்திய பிறகே பொறியாளர்களின் கவனம் அதன்மேல் திரும்பியது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேடி 1921-இல் குவார்ட்ஸ் துண்டு ஒன்றை வெற்றிடக் குழாய்ச் சுற்றுடன் இணைத்து, அலையியற்றியின் அதிர்வெண்ணைக் கல்லின் இயற்கை அதிர்வோடு கட்டிப்போட்டார். 1923-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் பியர்ஸ் அதை ஒரே குழாயும் ஒரே படிகமும் கொண்ட எளிய சுற்றாக்கினார். அதன்பின் மாற்றம் விரைந்து வந்தது. அமெரிக்க வானொலி ஆணையம் 1932-இல் ஒலிபரப்பு நிலையங்களின் விலகலை 50 ஹெர்ட்ஸுக்குள் அடக்கியது. 1,000 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் நிலையத்துக்கு இது இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்பதால், படிகம் இன்றி அந்த வரம்பைக் கடைப்பிடிப்பது அரிதாயிற்று.

அந்தத் துண்டு உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குவார்ட்ஸை எந்தக் கோணத்தில் அறுப்பது என்பதே முதல் கேள்வி, ஏனெனில் வெப்பநிலை மாறும்போது அதிர்வெண் எவ்வளவு நகரும் என்பது அந்தக் கோணத்தைப் பொறுத்தது. 1930-களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தினர் கண்ட ஏ.டி. வெட்டு, படிகத்தின் அச்சுக்கு ஏறத்தாழ 35 பாகை 15 கலைச் சாய்வில் அமைந்து, அறை வெப்பநிலையை ஒட்டிய ஏற்ற இறக்கங்களில் அதிர்வெண்ணை ஏறக்குறைய அசையாமல் வைத்தது. அடுத்தது தடிமன். இவ்வகைத் துண்டின் தடிமனை மில்லிமீட்டரிலும் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 1.66 வரும் என்பதால், 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் கல்லை 0.17 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். தொழிலாளர்கள் தேய்ப்புப் பொடியும் நீரும் கலந்த குழம்பில் கல்லைத் தேய்ப்பதும், சுற்றில் இட்டு அளப்பதும், மீண்டும் தேய்ப்பதுமாகப் படிப்படியாக இலக்கை நெருங்கினர். இரண்டாம் உலகப் போரில் இத்தகைய படிகங்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் தேவைப்பட்டன. மூலக்கல் பெரும்பாலும் பிரேசில் சுரங்கங்களிலிருந்து வந்தது. போரின் நடுவே, சோதனையில் தேறிய படிகங்கள் சில மாதங்களில் தாமாகவே அதிர்வெண் உயர்ந்து பயனற்றுப்போயின. தேய்ப்பால் நொறுங்கிய மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஈரப்பதத்தில் மெல்ல உதிர்ந்ததே அதற்குக் காரணம் என்று தெரிந்த பின், இறுதித் தேய்ப்புக்குப் பதிலாக வேதிக் கரைசலில் அந்த நொய்ந்த படலத்தை அரித்து அகற்றும் முறை வந்தது.

கேள்வி: ஒரு படிகம் ஓர் அதிர்வெண்ணையே தருமானால், ஒரே கருவியில் நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் எப்படிக் கிடைக்கின்றன?

பதில்: தொடக்கத்தில் அலைவரிசைக்கு ஒரு படிகம் என்றே வைத்திருந்தனர். பிரான்ஸின் ஆன்ரி தெ பெல்சீஸ் 1932-இல் வெளியிட்ட ஒத்திசைவு ஏற்பு முறையிலிருந்து வளர்ந்த கட்டப்பூட்டு வளையம் இந்தச் சுமையைக் குறைத்தது. மின்னழுத்தத்தால் அதிர்வெண்ணை மாற்றத்தக்க அலையியற்றி ஒன்றின் வெளியீட்டை ஒரு முழு எண்ணால் வகுத்து, கிடைத்த அலையைப் படிகத்தின் அலையோடு ஒப்பிட்டு, இரண்டும் தம் சுழற்சியில் எந்த நிலையில் உள்ளன என்பதிலுள்ள வேறுபாட்டை, அதாவது கட்ட வேறுபாட்டை, திருத்த மின்னழுத்தமாக அதே அலையியற்றிக்குத் திருப்பி அனுப்புவதே இதன் இயக்கம். ஒப்பீட்டு அலை 25 கிலோஹெர்ட்ஸ் எனில், வகுக்கும் எண் 4,800 ஆகும்போது வெளியீடு 120 மெகாஹெர்ட்ஸ். எண்ணை 4,801 ஆக்கினால் 120.025 மெகாஹெர்ட்ஸ். எண் ஒன்றுதான் மாறுகிறது. நிலைப்பு முழுவதும் அந்த ஒற்றைப் படிகத்தினுடையது.

கேள்வி: ரேடாருக்கு ஆற்றல் போதாதா? அதிர்வெண் நிலைப்பு எதற்கு?

பதில்: தொலைவை மட்டும் அறிய ஆற்றலே பெரும்பாலும் போதும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் 1940 பிப்ரவரி 21 அன்று இயக்கிக் காட்டிய குழி மேக்னெட்ரான், பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் அதுவரை கிட்டாத ஆற்றலைத் தந்து போரின் போக்கையே மாற்றியது. அதன் புகழ் நியாயமானதே. ஆனால் மலையும் கட்டடமும் மழையும் எதிரொலி தருமிடத்தில் நகரும் விமானத்தை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால், நகரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும் என்ற டாப்ளர் விளைவையே நம்ப வேண்டியிருக்கிறது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் நேரே நெருங்கும் பொருள், 3 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலையை வெறும் 600 ஹெர்ட்ஸ் அளவே மாற்றும். இது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. அனுப்பிய அலையே தன்னளவில் அதைவிட அதிகம் தள்ளாடினால், இலக்கு அந்தத் தள்ளாட்டத்துக்குள் மறைந்துவிடும்.

மேக்னெட்ரானின் குறை இங்கேதான் வெளிப்பட்டது. அதன் ஒவ்வொரு துடிப்பும் புதிதாக, இரைச்சலிலிருந்து எழுவதால், எந்தக் கட்டத்தில் தொடங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்பியினுள் நிலைத்த அலையியற்றி ஒன்றையும், துடிப்பு ஒவ்வொன்றின் கட்டத்தையும் பற்றிக்கொண்டு எதிரொலி திரும்பும்வரை நினைவில் வைத்திருக்கும் மற்றொன்றையும் அமைத்து இதை ஓரளவு ஈடுகட்டினர். முறையான தீர்வு, படிகத்திலிருந்து பெற்ற மெல்லிய அலையைப் படிப்படியாகப் பெருக்கி அனுப்புவதே. வேரியன் சகோதரர்கள் 1937-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய கிளைஸ்ட்ரானின் உயர் ஆற்றல் வடிவங்கள் அதற்கு வழி செய்தன. படிகத்தின் அலையும் முற்றிலும் தூயதன்று. அதன் கட்டத்தில் இடையறாது நிகழும் நுண்ணிய நடுக்கம் கட்ட இரைச்சல் எனப்படுகிறது. அதை அலையியற்றியின் தரத்தோடு தொடர்புபடுத்தி டேவிட் லீசன் 1966-இல் தந்த சிறு சூத்திரம், ரேடார் வடிவமைப்பாளர்களின் மேசையிலிருந்து இன்றும் அகலவில்லை.

கேள்வி: அணுக் கடிகாரம் வந்த பின்னும் குவார்ட்ஸ் தேவையா?

பதில்: தேவை. லூயிஸ் எசனும் ஜாக் பாரியும் 1955-இல் பிரிட்டனில் சீசியம் கடிகாரத்தை இயக்கினர். 1967-இல் ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என வரையறுக்கப்பட்டது. நெடுங்கால நிலைப்பில் படிகம் இதற்கு ஈடாகாது. எனினும் வழக்கமான சீசியம் கடிகாரத்தில் அணுவின் பணி, படிகம் விலகும்போது அதைக் கண்டு திருத்துவதே. அதன் வெளியீட்டு முனையில் கிடைக்கும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் அலை, உள்ளேயுள்ள குவார்ட்ஸ் அலையியற்றியில் பிறப்பதாகும்.