ஆச்சியின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை



எங்கள் ஆச்சிக்கு முடக்குவாதம். கை விரல்கள் வீங்கி, காலையில் செம்பைத் தூக்கவும் இயலாது. அதற்காக மருத்துவர், ஞாயிறுதோறும் மட்டும் உண்ணும்படி மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை தந்திருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காள் அட்டையைப் பார்த்து, "இது கேன்சருக்கு உள்ள மருந்துல்லா!" என்றார். "எனக்குக் கேன்சரா மக்ளே? ஏன் மறைச்சிய?" என்று ஆச்சி அழுதார்கள். மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். வீக்கம் திரும்பியது.

அக்காள் கூறியது பொய்யன்று. சென்னையில் மருத்துவம் பயின்ற சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவர் குழு செய்த அமினோப்டெரின் மருந்தை 1947-48 இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் சில மாதங்கள் அடங்கியது. மெத்தோட்ரெக்ஸேட் அம்மருந்தின் உடன்பிறப்பு. உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பயன்படவிடாமல் இது தடுக்கிறது. விரைந்து பெருகும் புற்றணுக்களே முதலில் தவிக்கும். குறைந்த அளவில் தந்தால் மூட்டு வீக்கமும் தணியும் என்பது பின்னர் தெரிந்தது.

வியப்பு இனிமேல்தான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதே மாத்திரையை, மூட்டுவலிக்குத் தரும் செலிகாக்சிப் மாத்திரையோடு சேர்த்து, முற்றிய வாய், தொண்டைப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 422 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இம்மாத்திரைகள். மற்றவர்களுக்கு மூன்று வாரத்துக்கொருமுறை சிஸ்பிளாட்டின் ஊசி. முடிவு 2020 இல் வெளிவந்தது. ஊசி பெற்றோரில் பாதிப்பேர் 6.1 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். மாத்திரை உண்டோரில் பாதிப்பேர் 7.5 மாதத்துக்கு மேல் வாழ்ந்தனர். கடுமையான பக்கவிளைவும் குறைவு. இவ்வளவுதானா என்று நானும் எண்ணினேன். ஆனால் ஊசிக்காக ஆஸ்பத்திரியில் கிடக்காமல், மலிவான மாத்திரையை வீட்டிலேயே உண்பது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சிறிய காரியமா?

பழைய மருந்துதானே என்று நாமாகக் கடையில் வாங்கலாகாது. உயரம், எடை பார்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம், ஈரல், வயிற்றுப்புண் எல்லாம் சோதிக்கிறார்கள். எங்கள் மயிலாடிக் கல்தச்சர் கல்லைத் தட்டிப் பார்த்த பிறகே உளியை எடுப்பார் அல்லவா? அதுபோலத்தான். வாரம் ஒருநாள் உண்ண வேண்டியதைத் தினமும் உண்டால், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை கெட்டு உயிருக்கே ஆபத்து நேரும்.

இவற்றையெல்லாம் ஆச்சிக்கு எடுத்துச் சொன்னேன். மருத்துவரிடமும் கேட்டுவிட்டு மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஞாயிறுதோறும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுவது என் வேலை. வாய்ப்புற்றுக்குப் புகையிலை பெருங்காரணம் என்றும் சொன்னேன். ஆச்சி வெற்றிலைச் செல்லத்தை மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.