எச்சிலுக்குப் பதில் தண்ணீர் ஆகாது

அன்புள்ள கயலுக்கு,

உனக்கு வந்திருப்பது ஷோக்ரன் நோய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கிறாயாம், ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பாத்ரூம் போகிறாயாம். பல வருஷமாக இதே நோயோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அவ்வளவு தண்ணீர் வேண்டாம் கண்ணு. உனக்கு வற்றியிருப்பது எச்சில். நோய் எதிர்ப்புச் சக்தியே தடம்மாறிப் போய் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. (1933-ல் இதை விரிவாக எழுதிய ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது.) நல்ல உடம்பில் நாளைக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் ஊறும். அதில் வழவழப்பு இருக்கிறது, பல்லைக் காக்கும் கால்சியம் இருக்கிறது, கிருமியை அடக்கும் சரக்கும் இருக்கிறது. தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. குடம் குடமாய்க் குடித்தால், மிச்சமிருக்கும் வழவழப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நேரத்தில் நாக்கு மறுபடி மேலண்ணத்தில் ஒட்டும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியமும் இறங்கும்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதும். வெயிலில் அலையாத நாளில் ரசம், மோர் எல்லாம் சேர்த்து 2 லிட்டர் சொச்சத்தில் பெரும்பாலும் அது வந்துவிடும்.

அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொள்ளாதே. டம்ளரில் வாய் வைத்து ஒரு மடக்கு எடுத்து, வாயெல்லாம் சுழற்றி விழுங்கு. உன் அம்மாயி இருந்திருந்தால் அந்த டம்ளரைத் தனியே கவிழ்க்கச் சொல்லியிருப்பாள், பரவாயில்லை. பொழுது சாய்ந்தபின் குறைத்துக்கொள். படுக்கும்முன் டாக்டர் எழுதித் தரும் வாய் ஜெல்லைத் தடவு. பகலில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லு, இருக்கிற சுரப்பியை அது தூண்டும். எலுமிச்சை மிட்டாய் பல்லை அரித்துவிடும். சளிக்கும் அலர்ஜிக்கும் நீயாகக் கடையில் வாங்கும் மாத்திரைகள் பலவும் வாயை இன்னும் காயவைக்கும்.

ஆனால் ஒன்று. அடங்காத தாகமும், லிட்டர் கணக்கில் சிறுநீரும் இருந்தால் கோளாறு வாயோடு நிற்காமலும் இருக்கலாம். அது சர்க்கரையாக இருக்கலாம். ஷோக்ரன் நோயே சிறுநீரகத்தைத் தொட்டிருக்கவும் கூடும்; அப்போது பொட்டாசியம் குறைந்து கைகால் தளரலாம். இந்த வாரமே டாக்டரிடம் 5 லிட்டர் கணக்கைச் சொல்லி சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல். அதற்கு முன்னால், நான் எழுதினேன் என்று தண்ணீரைச் சட்டென்று நிறுத்திவிடாதே. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

உன் பெரியம்மா